உள்ளே விட்ட துணி

வணக்கம் அம்மா,

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன். ஊர் கும்பகோணம், இப்போது மும்பை முலுண்டில் இருக்கிறேன். போன ஆடியில் என் அம்மா தவறிப்போனார். அவருடைய இரண்டு டிரங்குப் பெட்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. நூல் புடவைகளைத் தலையணை உறை, திரைச்சீலை என்று மாற்றிவிட்டேன். பழைய ஜீன்ஸை வெட்டிச் சுவரில் மாட்டும் பை செய்தேன். க்ளூ கன், லேஸ், கண்ணாடிச் சில்லு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். மாமியார் 'வீடு முழுக்கக் குப்பை' என்கிறார். அம்மாவின் அரக்குக் காஞ்சிப் பட்டை வெட்டி நாலு குஷன் உறையும் மகளுக்கு ஒரு பாவாடையும் தைக்கலாமா? முந்தானையை ஃப்ரேம் போட்டு மாட்டவும் ஆசை. கத்தரிக்கோலை எடுத்தால் கை நடுங்குகிறது. கூடவே மூன்று சின்னக் கேள்விகள்: மகளின் பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டிக்கு என்ன செய்யலாம்? ஒயர் கூடை பின்னி விற்றால் காசு வருமா? பட்டில் கண்ணாடி ஒட்ட எந்தப் பசை நல்லது?

ஒரு வாசகி, முலுண்ட்

அன்புள்ள முலுண்ட் வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து அக்காள் மகளின் கல்யாண ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாசித்தேன். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி எந்தப் பசை நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் எழுதுவதில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். ஒயர் கூடையில் காசு வராது. பின்னுகிற நேரத்துக்குக் கூலி போட்டால் வாங்க ஆளிருக்காது, போடாவிட்டால் விற்பதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு இரண்டு பின்னிக்கொள்ளுங்கள். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன், பரணில் கிடந்த கூடைகள் தூசி தட்டப்பட்டு இறங்கி வந்திருந்தன. ஒன்றில் சிவன் கண் பின்னல், ஒன்றில் நெல்லிக்காய் முடிச்சு. அதுவும் பிளாஸ்டிக்தான் என்பார்கள். இருபது வருஷம் கத்தரிக்காய் சுமக்கிற பிளாஸ்டிக்.

பள்ளிப் போட்டிக்கு என்னிடம் யோசனை இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகப் புது ஐஸ் குச்சி விற்கிறான், பார்த்திருப்பீர்கள். ஒரு வாய் ஐஸ்கூடத் தொடாத குச்சி. அதை வாங்கிப் பேனா ஸ்டாண்டு ஒட்டி, வேஸ்டிலிருந்து செய்தேன் என்று பிள்ளையைச் சொல்லவைக்கிறோம். மகளிடம் ஒரு பிய்ந்த பட்டனைத் தைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். பரிசு கிடைக்காது.

மாமியார் விஷயத்தில் நான் நுழையவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள்: ஸ்டீல் டப்பாவுக்குப் பழைய பேன்ட் சட்டைகளை எடைபோடாத குறையாகப் பேரம் பேசிக் கொடுக்கிறாரா இல்லையா? தலையில் பாத்திரக் கூடையுடன் வாசலுக்கு வரும் அந்தப் பெண்களை மராத்தியில் போஹாரீண் என்பார்கள். நாம் குப்பை என்று கொடுத்ததைத் துவைத்து, தைத்து, பட்டன் வைத்து, தெருச் சந்தையில் இன்னொருவர் உடம்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். உங்களைவிடவும் என்னைவிடவும் கைதேர்ந்தவர்கள். வீடியோ போடுவதில்லை, அவ்வளவுதான்.

பசைக்கு வருகிறேன். பசை வேண்டாம். துணியில் பசை கூடவே கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தைத்ததைப் பிரிக்கலாம். ஒட்டியதைப் பிரிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். சூட்டில் உருகி வந்த பசை இஸ்திரிப் பெட்டி பட்டால் மறுபடி உருகும், இழைக்குள் இறங்கிக் கெட்டிப்படும். அதன் பிறகு அந்தத் துணிக்கு வேறு பிறவி கிடையாது. 'பழசைப் புதுசாக்குகிறேன்' என்று நீங்கள் செய்வது அதன் கடைசி வேலையாகிவிடுகிறது. சிக்கனம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் யார்?

நான் வளர்ந்தது தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். 10க்கு 12 அடி அறை. அம்மா கைமிஷினில் ரவிக்கை தைப்பாள். 90 அடி ரோட்டிலிருந்துகூடப் பெண்கள் வருவார்கள். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு கடைசிவரை போகவில்லை. "தைக்கதுக்கு ஆயிரம் பேரு இருக்கா. பிரிக்கதுக்குத்தாம்ட்டி ஆளில்ல" என்பாள். எனக்கு அவள் முதலில் கொடுத்த வேலை தைப்பதல்ல, பிரிப்பது. இரண்டு வருஷம் பிளேடு மட்டும்தான் என் கையில்.

தையற்காரர் தைத்த ஏதாவது ஒரு ரவிக்கையை எடுத்து உள்பக்கம் திருப்புங்கள். பக்கவாட்டில் ஒரு தையல் இருக்காது, இரண்டு மூன்று வரிசை இருக்கும். அதற்கு வெளியே ஒரு அங்குலத் துணி சும்மா நிற்கும். அந்தத் துணிதான் விஷயம். கால் அங்குல இடைவெளியில் போட்ட ஒரு வரிசையைப் பிரித்தால் முன்துண்டில் கால், பின்துண்டில் கால், ஆக ஒரு பக்கம் அரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் ஒரு அங்குலம். பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு வரிசை. இளைத்துவிட்டால் மறுபடி உள்ளே ஒரு தையல். ஒரு ரவிக்கை ஒரு பெண்ணின் பதினைந்து வருஷத்தைத் தாங்கியது இப்படித்தான்.

இப்போது கடையில் வாங்கிய உங்கள் குர்த்தியைத் திருப்புங்கள். ஓவர்லாக் அடித்த விளிம்பு. உள்ளே அரை அங்குலம் இருந்தால் அதிர்ஷ்டம். தொழிற்சாலைக்காரன் அடுக்கடுக்காகத் துணி போட்டு ஒரே வெட்டில் நூற்றுக்கணக்கில் அறுக்கிறான். உடுப்பு விலையில் துணிக்குத்தான் பெரும்பங்கு. ஒவ்வொன்றிலும் மிச்சம் பிடிக்கும் ஒரு அங்குலம் அவனுக்கு லாபம். நமக்கு அது, இரண்டு கிலோ ஏறினால் தூக்கிப் போடு என்ற கட்டளை. பழைய துணியை என்ன செய்யலாம் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். புதுசை வாங்கும்போது திருப்பிப் பார்க்கிறவர் ஒருவரைக் காட்டுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். க்ளூ கன்னுக்கும் லேஸுக்கும் கொடுத்த காசில் ஒரு நல்ல தையற்காரரிடம் இரண்டு உடுப்பு தைத்திருக்கலாம்.

என் பள்ளிப் பாவாடை நீலம். நூல் துணி. அம்மா அதில் குறுக்கே மடிப்பெடுத்து மூன்று டக் பிடித்துத் தைத்தாள், வருஷத்துக்கு ஒன்று பிரிக்க. முதல் டக்கைப் பிரித்த அன்று பார்த்தேன்: பாவாடை முழுக்க வெயிலிலும் சலவையிலும் வெளுத்திருக்க, மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு விரற்கடை மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நீலமாக இருந்தது. அதன் ஓரத்தில் ஊசி போன துளைகள், எறும்பு வரிசை மாதிரி. வகுப்பில் பிள்ளைகள் கோடுகளை எண்ணுவார்கள். "மூணாவது வருசம் டோய்!" பின்னால் டெரிகாட்டன் வந்து சாயம் வெளுக்காமல் நின்றபோது அதற்காகவே அந்தத் துணியை நேசித்தேன். காற்றுப் புகாத துணி, வேர்த்துக் கொட்டும். பரவாயில்லை என்றிருந்தது.

அந்த அவமானத்தில் ஒரு காரியம் செய்தேன். 1974, ஏழாம் வகுப்பு. வெள்ளைச் சட்டையில் உள்ளே விட்ட துணி மே மாத வேர்வையில் விலாவில் உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, உள்ளே நின்ற துணியை இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிவிட்டேன். அடுத்த ஜூனில் சட்டை இறுக்கியது. பிரிக்க அம்மா திருப்பினாள். "துணி எங்கட்டி?" நான் பேசவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. வேறொரு வெள்ளைத் துணியில் இரண்டு சதுரம் வெட்டிக் கைக்குழியில் வைத்துத் தைத்தாள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. சட்டை நீலம் போட்ட வெள்ளை, சதுரம் பால் வெள்ளை. கையைத் தூக்கினால் தெரியும். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் நான் கையே தூக்கவில்லை, பதில் தெரிந்த கேள்விக்கும். டீச்சர் என்னை மக்கு என்று முடிவுகட்டினார்.

அடுத்த அறையில் ஒரு மராத்தி மாவ்ஷி இருந்தாள். அம்மா வெட்டிப் போடும் துண்டுத் துணிகளை (மராத்தியில் சிந்தி என்பார்கள்) வாங்கிப் போய்ப் பழைய ஒன்பது கஜப் புடவைகளுக்கு நடுவே பரப்பிக் கோதடி என்ற கனத்த போர்வை தைப்பாள். முடிச்சுமில்லை, எம்பிராய்டரியுமில்லை. வெறும் ஓட்டுத் தையல், ஆயிரக்கணக்கில். மேலே இருக்கிற புடவை நைந்தால் இன்னொரு புடவையை அதன் மேலேயே வைத்துத் தைத்துவிடுவாள். கோதடி கனத்துக்கொண்டே போகும். இந்த ஊரில் சிந்தி என்றால் அற்பம், கஞ்சத்தனம் என்று திட்டவும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோதடிக்குள் ஒரு மழைக்காலம் தூங்கிப் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

எங்கோ போய்விட்டேன். உங்கள் பட்டு.

முந்தானைக்கு ஃப்ரேம் வேண்டாம். நம் ஊர் நாலு மாத மழையில் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே பூஞ்சை பிடிக்கும். குஷன் உறையும் வேண்டாம். எண்ணெய்த் தலையும் வேர்வை முதுகும் சாய்கிற இடத்தில் பட்டைக் கொண்டுபோய் வைப்பீர்களா? ஜரிகையை வெட்டித் தனியே கொடுக்கச் சொல்லி யாராவது வாசலில் நின்றால் கதவைச் சாத்துங்கள். பழைய ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அவர்கள் அதை எரித்து எடுக்கத்தான் வருகிறார்கள்.

பாவாடையா? முதலில் புடவையை ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். பட்டு மடித்த இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும். மடிப்போரம் சீப்புப் பல் மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அது இனி கட்டத் தாங்காது. அந்த இடங்களை விலக்கி வெட்டிப் பாவாடை தையுங்கள், அடியில் லைனிங் கொடுத்து, மூன்று டக் பிடித்து, இடுப்பில் தாராளமாகத் துணி விட்டு. வெளிச்சம் தெரியாவிட்டால் வெட்டாதீர்கள். மடிப்பை மாற்றி, நூல் துணியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மாற்றி மடியுங்கள். அம்மா போய் வருஷத் திதிகூட வரவில்லை, கை நடுங்கத்தான் செய்யும். நடுங்குகிற கையில் கத்தரிக்கோல் எதற்கு?

கைக்கு வேலை வேண்டும் என்றால், புடவையின் அடியோரத்தில் உள்பக்கம் வைத்துத் தைத்திருக்கும் ஃபால்ஸ் துணியைப் பிரியுங்கள். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பழைய ஃபால்ஸ் சுருங்கிப் புடவையை இழுத்துக்கொண்டிருக்கும், எடுத்தாக வேண்டியதுதான். ஒரேயடியாக நூலை இழுக்காதீர்கள், பட்டு சேர்ந்து வரும். நாலு தையலுக்கு ஒன்றாகப் பிளேடு முனையால் அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்திலிருந்து நூலை உருவுங்கள். அதன் அடியில் மறைந்திருக்கும் அரக்குதான் வாங்கிய அன்றைய அரக்கு. மேல்விளிம்பில் கைத்தையல் இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். கடையில் கொடுத்துத் தைத்ததா, அம்மா தானே தைத்ததா? எனக்கு எழுதுங்கள்.