ஏறும்போது 18, இறங்கும்போது 28: ஹைபிரிட் கார் வாசகர் கேள்வி-பதில்

பெட்ரோல் இஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் காரை வாங்கியவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் இஞ்சினைப் பற்றியே இல்லை. எல்லாம் ஸ்கிரீனில் ஓடும் எண்ணையும் அம்புக்குறியையும் பற்றித்தான். இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏறினால் ஓசூர், இறங்கினால் தொப்பூர் என்று இருக்கும் ஊர்க்காரர்களுக்கு மைலேஜ் மீட்டர் காட்டுகிற வேடிக்கை சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு தினமும் காரில் போய் வருகிறேன். போகும்போது மீட்டர் 18 காட்டுகிறது, திரும்பும்போது 28. வண்டி வாங்கும்போது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். சர்வீஸில் கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் ஏதாவது கோளாறா?
- கிருஷ்ணகிரி வாசகர்

கோளாறு இல்லை சார். அவர்கள் சொன்னது சரிதான், காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

ஓசூர் உங்கள் ஊரைவிட ஏறத்தாழ 350 முதல் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலுவழிச் சாலையில் சீராக ஏறுவதால் மலை ஏறுகிறோம் என்றே தோன்றாது, ஆனால் வண்டிக்குத் தெரியும். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க ஒன்றரை யூனிட் சக்தி வேண்டும். யூனிட் என்றால் நம் வீட்டு கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். பெட்ரோலில் உள்ள சக்தியில் நல்ல இஞ்சின்கூட நூற்றுக்கு 35, 40 பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், இந்த ஏற்றத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட அரை லிட்டர் தனியாகப் போகிறது. சமதரையில் 50 கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர் குடிக்கிற வண்டி ஓசூருக்குப் போகும்போது 2.7 குடிக்கும். உங்கள் 18 வந்த வழி இதுதான். திரும்பும்போது பூமியே இழுத்துக்கொண்டு வருகிறது, இஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கிறது, 28 காட்டாமல் என்ன செய்யும்?

இங்கே பலர் செய்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. 18-ஐயும் 28-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து "23 கிடைக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. போக 50 கிலோமீட்டருக்கு 2.78 லிட்டர், வர 1.79 லிட்டர், மொத்தம் 100 கிலோமீட்டருக்கு 4.57 லிட்டர். அப்படியானால் உங்கள் மைலேஜ் 22-க்குக் கொஞ்சம் கீழே. ஸ்கிரீனும் இப்படித்தான் கணக்குப் போடும், மொத்த தூரத்தை மொத்த பெட்ரோலால் வகுக்கும். அதனால் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பூஜ்யத்துக்குப் போகிற சராசரியைப் பார்க்காதீர்கள். ஓடிய தூரத்தையும் மைலேஜையும் சேர்த்துவைக்கிற டிரிப் 'ஏ'-வை பெட்ரோல் போடும்போது மட்டும் ரீசெட் செய்யுங்கள், டிரிப் 'பி'-யை சர்வீஸ் விடும்போது மட்டும். அந்த இரண்டு எண் போதும்.

அப்புறம் 27.97. அது பரிசோதனைக் கூடத்தில் உருளை மேல் சக்கரத்தை ஓட்டி, ஏ.சி. போடாமல், வகுத்துவைத்த வேகத்தில் எடுத்த எண். இந்தக் காரையும் அந்தக் காரையும் ஒப்பிட அது உதவும். சூளகிரி ஏற்றத்தில் ஏ.சி.யை வைத்துக்கொண்டு 100-ல் போகிறவருக்கு அந்த எண் பொருந்தாது. ஹைபிரிட் லாபம் கொடுப்பது நின்று நின்று போகிற ஊருக்குள்தான். நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அங்கே பேட்டரி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 100-ல் போகிறவர் 80-க்கு வந்து பார்த்தால் அந்த வாரமே டிரிப் 'ஏ'-வில் வித்தியாசம் தெரியும்.

சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்கினால் பேட்டரி பட்டை மடமடவென்று நிறைகிறது. முழுக்க நிறைந்ததும், ஆக்சிலரேட்டரில் கால்கூட வைக்காமல், இஞ்சின் திடீரென்று உறுமுகிறது. பெட்ரோல் வீணாகிறதா? நியூட்ரலில் விட்டால் சத்தம் இல்லை, அப்படியே இறக்கலாமா?
- நல்லம்பள்ளி வாசகர்

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் காரில் இருக்கிற பேட்டரி ரொம்பச் சின்னது. இந்த ரக எஸ்.யு.வி.க்களில், கிராண்ட் விட்டாராவானாலும் ஹைரைடரானாலும், அது 0.76 யூனிட்தான். முழு மின்சாரக் கார்களில் 30, 40 யூனிட் இருக்கும். அந்த முக்கால் யூனிட்டையும் முழுசாகப் பயன்படுத்த விடாது, பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டும் என்று மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருக்கும். ஸ்கிரீனில் பட்டை நிறைந்தது என்றால் "இதற்கு மேல் வாங்க மாட்டேன்" என்று அர்த்தம். தொப்பூர் இறக்கத்தில் பாதி வழியிலேயே அது நிறைந்துவிடும்.

நிறைந்த பிறகும் வண்டி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது, அந்த சக்தியை எங்கேயாவது தள்ள வேண்டும். அதற்காக மோட்டார் இஞ்சினைப் பிடித்துச் சுழற்றுகிறது, இஞ்சின் காற்றை அழுத்தி அழுத்தி வேகத்தைத் தின்கிறது. நீங்கள் கேட்கும் உறுமல் அது. அந்த நேரத்தில் பெட்ரோல் உள்ளே போவதில்லை. நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை உடனடி மைலேஜ் காட்டும் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், அது கடைசி முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கியரில் 'பி' (ஆங்கில B, வண்டியை நிறுத்திவைக்கும் பார்க்கிங் P அல்ல) என்று ஒரு இடம் இருந்தால், கணவாய் தொடங்கும் முன்பே அதற்கு மாற்றிவிடுங்கள். இஞ்சின் பிரேக் கூடுதலாகக் கிடைக்கும், பிரேக் டிஸ்க் சூடேறாது. இறங்கி முடிந்ததும் மறக்காமல் 'டி'-க்கு வந்துவிட வேண்டும், சமதரையில் 'பி'-யில் ஓட்டினால் பெட்ரோல் நஷ்டம். நியூட்ரலில் போட்டால் பேட்டரிக்கு சார்ஜும் ஏறாது, இஞ்சின் பிடியும் கிடைக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிய லாரிகள் அந்தக் கணவாயில் என்ன ஆயின என்று நல்லம்பள்ளிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மச்சான் காரும் என் காரும் ஒரே மாடல். அவருடையதில் 22 காட்டுகிறது, என்னுடையதில் 4.6 காட்டுகிறது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
- அரூர் வாசகர்

உங்கள் ஸ்கிரீன் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்டுகிறது. 100-ஐ 4.6-ஆல் வகுத்தால் 21.7. செட்டிங்ஸில் யூனிட்ஸ் என்று இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமலும் விடலாம், அந்தக் கணக்கில் எண் குறையக் குறைய நல்லது.

நேவிகேஷன் பற்றி. கிருஷ்ணகிரியில் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது. பாலத்திலிருந்து எங்கே திரும்புவது? ஒகேனக்கல் போனபோது பென்னாகரம் தாண்டிய பிறகு படமே நின்றுவிட்டது. காரோடு வந்த வரைபடத்தை நம்பலாமா, போனை மாட்டி ஓட்டலாமா?
- காவேரிப்பட்டணம் வாசகி

இரண்டும் வேண்டும் அம்மா, வேறு வேறு வேலைக்கு.

பாலத்து விஷயம் முதலில். ஜி.பி.எஸ். நீங்கள் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில்தான் சொல்லும். பாலமும் அதன் கீழே ஓடும் சர்வீஸ் ரோடும் மேலிருந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று, அல்லது ஒட்டினாற்போல் பக்கத்தில். நீங்கள் மேலேயா கீழேயா என்று அதற்குக் குழப்பம் வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலு பக்கத்துச் சாலையும் வந்து சேர்வதால் இந்தக் குழப்பம் அதிகம். அங்கே குரலைவிட தலைக்கு மேல் தொங்கும் பச்சைப் பலகையைப் பாருங்கள். தவறிப்போனால் பாலத்தில் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுக்க வேண்டாம், அடுத்த இறக்கத்தில் இறங்கித் திரும்பி வரலாம், வரைபடமே வழி மாற்றிக் கொடுத்துவிடும்.

காட்டுக்குள் நின்றுபோனது ஜி.பி.எஸ். இல்லை, இன்டர்நெட். ஜி.பி.எஸ்.ஸுக்கு போன் சிக்னல் தேவையே இல்லை, அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது. போனில் வரைபடத்தை வழியில்தான் துண்டு துண்டாக இறக்கிக்கொள்கிறது, டவர் போனால் படம் வெள்ளையாகிவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையில் தருமபுரி, பென்னாகரம், அஞ்செட்டி பகுதிகளை ஆஃப்லைன் வரைபடமாக இறக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது. குரலைத் தமிழுக்கும் மாற்றலாம், பெரியவர்கள் ஓட்டும்போது அது பெரிய உதவி.

காருக்குள்ளேயே வரைபடம் வைத்துத் தருகிற மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை, படம் வண்டியிலேயே இருக்கிறது. ஆனால் அப்டேட் செய்யாவிட்டால் பழசாகிவிடும். அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போடுகிற நான்குவழிச் சாலையில், திறந்துவிட்ட பகுதிகளில் போய்ப் பாருங்கள். பழைய படம் உள்ள காரில் அம்புக்குறி வயலுக்குள்ளும் தென்னந்தோப்புக்குள்ளும் போய்க்கொண்டிருக்கும், "சாலைக்குத் திரும்பவும்" என்று அம்மணி கெஞ்சிக்கொண்டே வருவார். அங்கே போனில் இருக்கிற படம்தான் சரி.

இன்னொன்று. கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸில் உங்கள் வண்டி பெட்ரோலா, டீசலா, ஹைபிரிட்டா, மின்சாரமா என்று கேட்கும். ஹைபிரிட் என்று கொடுத்துவிடுங்கள், எரிபொருள் மிச்சமாகிற வழிக்குச் சின்ன பச்சை இலை போட்டுக் காட்டும். அது சொல்லும் வழி எப்போதும் வேகமான வழியாக இருக்காது, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போது இலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

டேங்க் நிரப்பியதும் "இன்னும் 820 கிலோமீட்டர் ஓடும்" என்றது. ஏற்காடு போய் இறங்குவதற்குள் 200-க்கு மேல் குறைந்துவிட்டது. அவ்வளவு தூரம் ஓடவே இல்லையே!
- பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்

மீதி இருக்கிற பெட்ரோலை, கடைசியாக ஓட்டிய கொஞ்ச தூரத்தின் மைலேஜால் பெருக்கிச் சொல்வதுதான் அந்த எண். அது வரை ஊருக்குள் ஓட்டியிருக்கிறீர்கள், இனியும் அப்படியே ஓட்டுவீர்கள் என்று அது நினைத்துக்கொண்டது. மலை ஏறியதும் மனசு மாறிவிட்டது. இறங்கும்போது சில சமயம் எண் கூடவும் செய்யும், பெட்ரோல் ஊறியது என்று மகிழ வேண்டாம். 100-க்குக் கீழே வந்தால் பங்க் பார்க்கத் தொடங்கிவிடுங்கள், ராத்திரியில் காட்டுப் பாதை என்றால் இன்னும் முன்பாகவே.

ஸ்கிரீன் காட்டும் மைலேஜும் பங்க் பில்லும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?
- காரிமங்கலம் வாசகர்

பில்லை. இஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்து ஸ்கிரீன் பெட்ரோலைக் கணக்கிடுகிறது, பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே சொல்லும். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், முதல் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, டிரிப்பை ரீசெட் செய்து ஓட்டுங்கள். அடுத்த முறை அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். "ரவுண்டா போட்டுடலாமா சார்" என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் கடைசிச் சொட்டில்தான் கணக்கு கெடுகிறது. ஒரு டேங்கை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து டேங்க் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையவும் செய்யும், ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பேட்டரியில் மட்டும் ஓட வைக்கிற ஈ.வி. பட்டனை அழுத்தினால் பாதி நேரம் "இப்போது முடியாது" என்கிறது. ஏன்?
- ஊத்தங்கரை வாசகர்

பேட்டரி குறைவாக இருந்தாலோ, வேகம் கூடினாலோ, இஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்றாலோ அது மறுத்துவிடும். தெருவுக்குள் விடியற்காலையில் சத்தமில்லாமல் வண்டியை வெளியே எடுக்க அந்தப் பட்டன் உதவும், மைலேஜுக்கு உதவாது. எப்போது மோட்டார், எப்போது இஞ்சின் என்று வண்டி நம்மைவிட நன்றாகவே முடிவு செய்கிறது.

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்காமல் அந்த அம்புக்குறி ஓடுகிற படத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். "பார், இப்ப சார்ஜ் ஏறுது, பார், இப்ப பேட்டரியில ஓடுது" என்று எனக்கும் காட்டுகிறார். பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- தருமபுரி வாசகி

புது ஹைபிரிட் வாங்கிய வீடுகளில் இது பொதுவான வியாதி. அந்த எனர்ஜி மானிட்டரில் ஓட்டுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை, வண்டி நிற்கும்போது குழந்தைகளுக்குக் காட்டலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே மைலேஜ் ஆசை இருந்தால், ஸ்டீயரிங்குக்கு நேர் முன்னால் இருக்கிற சார்ஜ், ஈகோ, பவர் என்று பிரித்த மீட்டர் போதும். முள் ஈகோவுக்குள் நிற்கிற மாதிரி காலை வைக்கச் சொல்லுங்கள். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரியும்போதே காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக முன்கூட்டியே தொட்டால் முள் சார்ஜ் பக்கம் சாயும், அதுதான் இலவச சக்தி. கடைசி நிமிஷத்தில் ஓங்கி மிதித்தால் அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகப் போய்விடும்.

நடு ஸ்கிரீன் உங்கள் கைக்கும் எட்டும்தானே? வண்டி கிளம்பியதும் அந்தப் பக்கத்தை மூடி பாட்டைப் போட்டுவிடுங்கள். திரும்பவும் மாற்றினால் வண்டியை ஓரம் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.