மன்னிக்க நினைக்கிற கடவுளுக்கு எதற்கு ஒரு பலி?

கடவுள் அன்பானவர் என்றால் அப்படியே மன்னித்துவிட வேண்டியதுதானே, சொந்த மகன் இயேசுவைச் சிலுவையில் சாகக் கொடுத்துத்தான் மன்னிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கேட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டியவள்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், எலத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பத்தாவது முடித்ததும் என்னை ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினார்கள். தம்பி படிக்க வேண்டும், இரண்டு பேரையும் படிக்கவைக்க அப்பாவால் முடியாது. பையில் கேழ்வரகு மாவும் ஜெபமாலையும் வைத்து அம்மா பஸ் ஏற்றிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவக்காலத்தில் ஊருக்கு வந்தபோது, பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்னைக் கைகாட்டி, "தம்பிக்காகச் சிலுவை சுமக்கிற பெண்" என்றார். பூசை முடிந்ததும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வருடம் பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில், கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் வாசகம். விறகைச் சுமந்து போவதே அந்தப் பையன்தான். "ஆட்டுக்குட்டி எங்கே?" என்று அப்பாவைக் கேட்கிறான். அவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மெழுகுதிரி உருகி விரலில் வழிந்தது, அதற்கு மேல் எந்த வாசகமும் என் காதில் ஏறவில்லை. கடவுளும் எங்கள் வீட்டுக்காரர்கள் மாதிரிதானா என்று தோன்றிவிட்டது.

அப்புறம் விவிலியத்தை நானே எடுத்துப் படித்தேன். இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்று எபிரேயர் 9:22-ஐ உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். லேவியர் 5:11-ஐக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறா, அதற்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும், அவன் பாவம் மன்னிக்கப்படும் என்று அங்கே இருக்கிறது. "பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற இறைவாக்கினர் ஓசேயாவின் வாக்கை மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு இடத்தில் சொல்கிறார். கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த இழுக்கை ஈடுகட்டவே சிலுவை என்ற விளக்கத்தை முழுதாக வகுத்து எழுதியவர் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த ஆன்செல்ம் என்ற இறையியலாளர். மாசற்றவனின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று 12ஆம் நூற்றாண்டிலேயே அபெலார் என்ற இன்னொரு இறையியலாளர் கேட்டுவிட்டார். ஆகவே உங்கள் கேள்விக்காக யாரும் உங்களை நாத்திகர் என்று சொல்ல முடியாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது யோவான் 10:18. தன் உயிரை யாரும் பறித்துக்கொள்வதில்லை, தானாகவே கொடுப்பதாக இயேசு சொல்கிறார். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கும் அவர் கொடுத்ததற்கும் 'சிலுவை' என்று ஒரே பெயரை வைத்ததுதான் என்னை அத்தனை வருடம் அலைக்கழித்தது. சரி, தானாகக் கொடுத்தவர் பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்சமனி தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று ஏன் வேண்டினார்? அந்த இடம் எனக்கு இன்னும் இடறுகிறது. ஆனால் அவர் கலங்கியதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதனாலேயே அவரை நம்ப முடிகிறது.

பெற்றவர்களைக் குறை சொல்கிறாள் என்று சிலர் வருவீர்கள். அப்பாவின் கடன் எனக்குத் தெரியும். தம்பி இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறான். ஞாயிறு பூசையையும் நான் விடுவதில்லை.

பலி என்ற பெயரில் எங்களிடம் கேட்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950ஆம் வருட குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவ தலித்துக்கு எஸ்.சி. தகுதி கிடையாது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. இதைப் பேசினால், விசுவாசத்துக்காக அந்த நஷ்டத்தை ஒப்புக்கொடுங்கள் என்று எங்கள் ஆட்களே அறிவுரை சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வீட்டில் அந்த நஷ்டம் இல்லை.

உங்கள் பங்கில் பொறுமையாகப் பேசும் சாமியாரோ சிஸ்டரோ இருந்தால், லேவியர் 5:11-ஐத் திறந்து வைத்துக்கொண்டு இதையே கேளுங்கள்.