எந்தப் பிரிவில் நிலைப்பது? இளம் வழக்கறிஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

கறுப்புக் கோட்டு போட்டு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாதவர்களும், சட்டக் கல்லூரி இறுதியாண்டில் இருப்பவர்களும்தான் இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறீர்கள். சிவிலா, கிரிமினலா, கம்பெனிச் சட்டமா, வரியா என்பதுதான் எல்லாருக்கும் குழப்பம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

இறுதியாண்டு படிக்கிறேன். சிவில் பக்கம் போனால் தலை நரைத்துவிடும், கிரிமினலில்தான் சீக்கிரம் பேர் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்வதற்குள் முடிவெடுத்துவிட வேண்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருடம், சிவிலும் கிரிமினலும் சேர்ந்து நடக்கிற ஓர் ஆபீஸில், விசாரணை நீதிமன்றத்தில் இருங்கள். சிவில் வழக்கு இழுக்கும் என்பது உண்மை. ஆனால் ஜூனியருக்கு அதைப் போல் கற்றுக்கொடுக்கிற இடம் கிடையாது.

ஒரு பாகப்பிரிவினை வழக்குக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை. தங்கைக்கு 1986-இல் கல்யாணம். பூர்வீகச் சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டா? தமிழ்நாட்டின் 1989 திருத்தம் மகள்களைப் பங்காளிகள் ஆக்கியது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வித்தியாசம் இல்லை. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் தங்கை ஜெயித்துவிட்டாரா? அவசரப்படாதீர்கள். வில்லங்கச் சான்றின் மூன்றாவது பக்கத்தில், அப்பாவும் அண்ணன்களும் சேர்ந்து 2003-இல் பதிவு செய்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. இப்போது கேள்வியே மாறிவிட்டது: அந்தப் பத்திரத்தில் எந்தெந்தச் சர்வே எண்கள் வந்தன, எது விட்டுப்போனது? பத்திரத்தில் ‘வடக்கே வாய்க்கால்’ என்றிருக்கும். இன்று அங்கே தார் ரோடு போகும். பட்டாவில் ஒரு எண், கிரயப் பத்திரத்தில் உட்பிரிவு போட்ட வேறு எண்.

இப்படி ஒரு கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்து, தேதிகளை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதத் தெரிந்துகொண்டவர் எந்தப் பிரிவுக்குப் போனாலும் திணற மாட்டார்.

கிரிமினலை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அது குறுக்கு விசாரணை மட்டும் என்று நினைத்து வராதீர்கள். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கக்கூடிய நாள் அறுபதா தொண்ணூறா என்று எண்ணிக்கொண்டிருப்பது, ஜாமீன்தாரரின் வீட்டுவரி ரசீதைச் சரிபார்ப்பது, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றமென்றால் பழைய தண்டனைச் சட்டம், பின் நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்று பிரித்துப் பார்ப்பது: அன்றாட வேலை இதுதான். சீனியர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் எந்தக் கட்டை மூட உங்களுக்கு மனசு வரவில்லை என்று கவனியுங்கள். உங்கள் பிரிவு அதில்தான் இருக்கிறது.

பெண் என்பதால் ‘குடும்ப நீதிமன்றம் பாரும்மா, அதுதான் உனக்குச் சரி’ என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொல்கிறார்கள். எனக்கு கிரிமினலில்தான் ஆர்வம். (திருநெல்வேலி)

கிரிமினலுக்கே போங்கள். குடும்ப வழக்கு எளிதானது, மென்மையானது என்று நினைப்பவர்கள் அந்த நீதிமன்ற வராந்தாவில் ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. குழந்தையை யாரிடம் விடுவது என்கிற வழக்கு மனதை நொறுக்கிவிடும். விரும்பி வருகிறவர்களுக்கு அது அருமையான பிரிவு. யாரோ ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்பதற்காக அங்கே உட்கார வேண்டாம்.

ஆனால் ஆபீஸைப் பார்த்துச் சேருங்கள். சேரும் முன் அங்கே இருந்து வெளியே வந்த பெண் ஜூனியர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ‘சாட்சியை விசாரிக்க விட்டாரா, வாய்தா வாங்க மட்டும் அனுப்பினாரா?’ என்று நேராகவே கேளுங்கள். பெண் ஜூனியர்களை வரைவு எழுதவும் டைப் அடிக்கவும் மட்டும் வைத்துக்கொள்கிற ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் மூன்று வருடம் போனால் திரும்பக் கிடைக்காது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, நல்ல திறமைகள் அப்படி வீணாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சீனியர் மாதம் ஐந்தாயிரம் தருகிறார். வீட்டில் முதல் வக்கீல் நான்தான். பணத்துக்காக எனக்குப் பிடிக்காத பிரிவுக்கு மாறலாமா? (கோயம்புத்தூர்)

முதலில் ஒரு விஷயம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000. அதே வருடம் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் பல ஆபீஸ்கள் தருவதில்லை. இருந்தாலும் கேட்பது பிச்சை அல்ல. ஒரு வருடம் உழைத்த பிறகு தயங்காமல் கேளுங்கள்.

தர மறுத்தால் பிரிவை மாற்ற வேண்டாம், ஆபீஸை மாற்றுங்கள். இடையில் கைச்செலவுக்குச் செக் மோசடி வழக்குகள் உதவும். அவற்றில் தேதிதான் உயிர்: செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், கட்டவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் புகார். சீனியரின் சம்மதத்தோடு சொந்தமாக வக்காலத்து போட்டு நடத்திப் பழக நல்ல இடம்.

ஜி.எஸ்.டி., கம்பெனித் தீர்ப்பாயம் இரண்டிலும் எதிர்காலம் இருக்கிறது என்கிறார்கள். நான் காமர்ஸ் படிக்கவில்லை. ஆடிட்டர்களோடு போட்டி போட முடியுமா? (சென்னை)

முடியும். போட்டி எங்கே என்று தெரிந்து இறங்குங்கள். தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திலும் ஜி.எஸ்.டி. அதிகாரிகள் முன்பும் ஆடிட்டர்களும் ஆஜராகலாம், சட்டமே அனுமதிக்கிறது. கணக்கில் அவர்களை மிஞ்ச நினைக்காதீர்கள். அரசு அதிகாரியின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுகிற ரிட் மனுவுக்கு வந்தால் அது வக்கீலின் களம்.

ஒரு உதாரணம். ஈரோட்டில் ஒரு சின்ன நூல் வியாபாரி. அவருடைய ரிட்டர்னைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நோட்டீஸும் உத்தரவும் போர்ட்டலில் ஏறிக் கிடக்கின்றன, வியாபாரிக்குத் தெரியாது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்தை மன்னிக்க இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான் கெடு. வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான் ஓடி வருகிறார். இந்த மாதிரி மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏராளம். வரியில் ஒரு பகுதியைக் கட்டும் நிபந்தனையோடு பல உத்தரவுகள் ரத்தாகி, மறு விசாரணைக்குத் திரும்பியிருக்கின்றன. இங்கே வேண்டியது, விசாரணை வாய்ப்பே தராமல் போட்ட உத்தரவு என்று காட்டத் தெரிவது. காமர்ஸ் படிக்காத குறையை, ஒரு ஆடிட்டரோடு ஆறு மாதம் சேர்ந்து வேலை பார்த்தாலே பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.

நீதிபதி தேர்வுதான் என் இலக்கு. பிராக்டிஸ் தேவையா? (விழுப்புரம்)

தேவை. சிவில் நீதிபதி பணிக்கு மூன்று வருட பிராக்டிஸ் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவான நாளிலிருந்தே கணக்கு. பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றும் வேண்டும். ஆகவே பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குப் பிரிவுக் கவலையே வேண்டாம். முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும்தான் உங்கள் வகுப்பறை.

தமிழ் வழியில் படித்தேன். இங்கிலீஷ் வராது. உயர் நீதிமன்றப் பக்கமே போக முடியாதா? (அரியலூர்)

போகலாம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் வாதமும் தமிழில் நடக்கின்றன. முதல் சில வருடங்களுக்கு உங்களுக்கு அங்கேதான் வேலை. உயர் நீதிமன்றம் இங்கிலீஷில் இயங்குகிறது, அதனால் தினமும் ஒரு தீர்ப்பை மெதுவாகப் படித்து, அதன் சாரத்தைச் சொந்தமாகப் பத்து வரி எழுதிப் பழகுங்கள். அப்புறம், உங்கள் தமிழைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டெல்டா பகுதியின் பழைய பத்திரத்தில் ‘ஷை நஞ்சை 3 மா 40 குழி’ என்று இருக்கும். ‘ஷை’ என்றால் மேற்படி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அதை நிதானமாகப் படித்து மேல்முறையீட்டுக்கு மொழிபெயர்த்துத் தரத் தெரிந்த ஜூனியரை எந்தச் சீனியரும் விட மாட்டார்.

கம்பெனியில் சட்ட அதிகாரி வேலை கிடைத்திருக்கிறது. கோர்ட்டுக்கும் போகலாமா? (ஓசூர்)

முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பிராக்டிஸ் செய்யக் கூடாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். திரும்பி வரும்போது மீண்டும் தொடங்கலாம். மறைத்துவிட்டு இரண்டு படகில் கால் வைக்காதீர்கள்.

நான்கு வருடமாக மோட்டார் விபத்து வழக்குகள் மட்டும் செய்கிறேன். அலுத்துவிட்டது. வேறு பிரிவுக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்தா? (சேலம்)

இல்லை. நஷ்டஈட்டை வயதுப்படி கணக்கிட உதவும் சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கல் அட்டவணை உங்களோடு வராது, சரி. ஆனால் நான்கு வருடமாக டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட், ஊனச் சான்று எல்லாம் படித்திருக்கிறீர்கள். நாற்பது சதவீத ஊனம் என்று எழுதிய டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கு வேண்டியது இதே கைப்பழக்கம்தான், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மாவட்டங்களில் குறைவு. நுகர்வோர் ஆணையத்தில் ஒரே ஒரு வழக்கோடு தொடங்குங்கள். விபத்துக் கட்டுகளை உடனே கைவிட வேண்டாம். அந்தக் குடும்பங்கள் உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், நஷ்டஈட்டுத் தொகை அவர்கள் கணக்கில் ஏறும்வரை கூடவே இருங்கள்.