போனோடு சேர மறுக்கும் புளூடூத் ஹெட்செட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புளூடூத் ஹெட்செட் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஹெட்செட் கெட்டுப்போகவே இல்லை. பழைய இணைப்பின் நினைவு ஏதோ ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது, அல்லது போனில் ஒரு சின்ன சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது. புதிது வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணன் பயன்படுத்திய ஹெட்செட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். ஆன் ஆகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் என் போனில் எவ்வளவு தேடினாலும் அதன் பெயர் வருவதில்லை. (மதுரை வாசகி)

ஆன் ஆனதும் ஹெட்செட் தனக்கு ஏற்கெனவே தெரிந்த போனைத்தான் முதலில் தேடும். அண்ணன் பக்கத்து அறையில் இருந்து, அவர் போனில் புளூடூத்தும் ஆனில் இருந்தால், சில நொடிகளில் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்துவிட்ட ஹெட்செட் வேறு போன்களின் தேடலில் பெரும்பாலும் தென்படாது. ஆகவே முதல் வேலை, அண்ணன் போனில் புளூடூத்தை அணைப்பது.

அடுத்தது பேரிங் மோடு, அதாவது புதிய போனோடு முதல்முறை சேர ஹெட்செட் தயாராக நிற்கும் நிலை. வெறுமனே ஆன் செய்வது வேறு, பேரிங் மோடுக்குக் கொண்டுபோவது வேறு. ஹெட்செட்டை ஆஃப் செய்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விளக்கு எரிந்தவுடன் விரலை எடுத்துவிடாதீர்கள். பலர் தவறவிடும் இடம் அதுதான். இன்னும் சில நொடிகள் பிடித்திருந்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்டத் தொடங்கும். சில மாடல்களில் ஒரே நிறம் வேகமாகச் சிமிட்டும். கேஸுடன் வரும் இயர்பட்ஸ் என்றால் பெரும்பாலும் மூடியைத் திறந்து வைத்து, கேஸில் உள்ள சின்னப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டனே இல்லாத மாடலில் மூடியைத் திறந்ததும் தானாகவே தயாராகிவிடும். அந்தச் சிமிட்டல் நிற்பதற்குள் உங்கள் போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, புதிய சாதனத்தைத் தேடச் சொல்லுங்கள். மோடு கொஞ்ச நேரத்தில் தானாக முடிந்துவிடும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பேரிங் ஒருமுறை மட்டுமே நடக்கிறது. அப்போது போனும் ஹெட்செட்டும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்கின்றன. அதன்பின் தினமும் நடப்பது, அந்தச் சாவியைச் சரிபார்த்துக் கனெக்ட் ஆவது மட்டும்தான். ஒரு பக்கம் சாவி அழிந்து மறுபக்கம் மிச்சமிருந்தால் பெயர் தெரியும், தட்டினால் இணையாது. அப்போது போனில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தட்டி 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள்; ஐபோனில் 'ஐ' குறி. ஹெட்செட்டையும் ரீசெட் செய்துவிட்டுப் புதிதாகப் பேரிங் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ரீசெட் முறை மாடலுக்கு மாடல் மாறும். பெட்டிக்குள் வரும் அந்தச் சின்னக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

0000 என்று ஒரு எண்ணைப் போடச் சொல்கிறது. பாதுகாப்பானதா? (தஞ்சாவூர்)

பழைய ஹெட்செட்டுகளில் அதுதான் வழக்கம், போடலாம். புதியவை எண் கேட்பதே இல்லை. ஆனால் நீங்கள் எதையும் இணைக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாத பெயரில் பேரிங் கோரிக்கை வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

கனெக்டட் என்று காட்டுகிறது. ஆனால் பாட்டு போன் ஸ்பீக்கரில்தான் வருகிறது. (ஈரோடு)

அதே பல்சக்கரக் குறிக்குள் போங்கள். கால், மீடியா என்று இரண்டு தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். மீடியா ஆஃபில் இருந்தால் அழைப்பு மட்டும் ஹெட்செட்டுக்கு வரும், பாட்டு வராது. வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் இந்தச் சிக்கல் என்றால், பேசும்போது திரையில் தெரியும் ஸ்பீக்கர் குறியைத் தட்டி ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. அழைப்பு வந்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. மைக் கெட்டுவிட்டதா? (கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்)

மைக்கைக் குறை சொல்லும் முன் புளூடூத் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பாட்டு ஒரே திசையில், போனிலிருந்து காதுக்கு மட்டும் போகிறது. அதற்கு ஏ2டிபி என்ற முறை. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த தரத்தில் பாட்டு வரும்; அப்படி எடுக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு 'மாதிரி'. அழைப்பில் உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும். உடனே போன் எச்எஃப்பி என்ற வேறு முறைக்கு மாறுகிறது. அதில் பழைய வகை ஒலிக்கு நொடிக்கு 8,000 மாதிரிகள்தான், கொஞ்சம் மேம்பட்டதற்கு 16,000. குரல் புரியும், ஆனால் செழுமை போய்விடும். விளையாட்டில் வாய்ஸ் சாட் ஆன் செய்தவுடன் பின்னணி இசை மங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்கு இடம் உண்டு. ஆனால் உங்கள் போன் மாடல், ஹெட்செட் இரண்டும் அதை ஏற்க வேண்டும். அதுவரை முக்கியமான நேர்காணல், ஆன்லைன் வைவா போன்றவற்றுக்கு வயர் ஹெட்செட்டையே பயன்படுத்துங்கள். பத்தாண்டு பழைய வயர் மைக் கூடப் பல நேரம் புளூடூத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

போனைப் பேண்ட் பாக்கெட்டில் வைத்து நடந்தால் விட்டுவிட்டுக் கேட்கிறது. மேஜையில் வைத்தால் சரியாக இருக்கிறது. (சென்னை)

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. நம் உடம்பில் நிறைந்திருக்கும் நீர் அந்த அலையை நன்றாக விழுங்கும். இடது பின்பாக்கெட்டில் போன், வலது காதில் சிக்னல் வாங்கும் இயர்பட் என்றால் நடுவில் நீங்களே தடை. போனை அந்தக் காதின் பக்கமாக, சட்டைப் பையிலோ முன்பாக்கெட்டிலோ வைத்துப் பாருங்கள். பல வைஃபை இணைப்புகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஹெட்செட் நொடிக்கு 1,600 முறை வரை அலைவரிசை மாறிச் சமாளிக்கும். ஆனாலும் கூட்டமான ரயில் நிலையத்தில் சில நேரம் தடுமாறும்.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை. (நாகர்கோவில்)

முதலில் கேஸைப் பாருங்கள். பட் உட்காரும் குழியின் அடியில் தங்க நிறத்தில் இரண்டு மூன்று பொட்டுகள் தெரியும். அவற்றின் மேல் வியர்வைப் பிசுக்கும் காதழுக்கும் பவுடரும் படிந்து, அந்தப் பக்க பட் சார்ஜே ஏறாமல் இருக்கலாம். காய்ந்த காட்டன் பட்டால் கேஸிலும் பட்டின் அடியிலும் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். காதுக்குள் போகும் வலை அடைத்திருந்தாலும் சத்தம் குறையும். அப்புறம் இரண்டையும் கேஸில் வைத்து விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தும் பேசவில்லையென்றால், போனில் பெயரை அழித்து, இரண்டு பட்டும் கேஸுக்குள் இருக்கும்போதே ரீசெட் செய்து மறுபடி பேரிங் செய்யுங்கள். ஒரு பட்டை மட்டும் வெளியே வைத்து ரீசெட் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று மறந்து தனித்தனிப் பெயராகப் போனில் வந்து நிற்கலாம்.

ஹெட்செட்டின் ஆப் இருப்பிட அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் இணையாதா? (சேலம்)

இணையும். பொதுவாக பேரிங்குக்கு போனின் செட்டிங்ஸே போதும். ஆண்ட்ராய்டு 11 வரை, அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேட விரும்பும் ஆப் இருப்பிட அனுமதி கேட்டாக வேண்டும் என்பது விதி. ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கென்று தனி அனுமதி வந்துவிட்டது. ஆப் பயன்படுவது ஈக்வலைசருக்கும் (ஒலியின் கனம், கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மென்பொருள் அப்டேட்டுக்கும்தான். அதற்கு மட்டும் அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

அப்பாவுக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை. இயர்பட்ஸை முழுச் சத்தத்தில் வைத்தும் சில பாட்டுகளில் பாதி கேட்கவில்லை என்கிறார். வேறு நல்ல மாடல் வாங்கலாமா? (திருச்சி வாசகி)

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஸ்டீரியோ பாட்டில் சில ஒலிகள் வலது பக்கம் மட்டுமே வரும், அவை அவருக்குப் போய்ச் சேருவதில்லை. போனில் அக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் இரண்டு பக்க ஒலியும் கலந்து இரு காதுக்கும் ஒரேபோல் வரும். ஐபோனிலும் அதே பகுதியில் உண்டு.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் எனக்குக் கவலை தருகிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். முழுச் சத்தத்தில் தினமும் கேட்டால் நன்றாக இருக்கும் இடது காதும் பாதிக்கப்படும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் என்ற கேட்புத்திறன் பரிசோதனை எடுத்துவிடுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். கேட்புக் கருவி தேவை என்று சொன்னால், புளூடூத்தில் போனோடு நேரடியாக இணையும் கருவிகளே இருக்கின்றன. எல்லாக் கருவியும் எல்லாப் போனோடும் சேராது. அப்பாவின் போனைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே இணைத்து, ஒரு அழைப்பு பேசிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.