பதினைந்தாம் தேதிப் பணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைக் கிராமங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளிர் உரிமைத் தொகை அங்குள்ள பெண்களுக்குப் பெரிய ஆறுதல் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். குச்சிக்கிழங்கு போடுகிறோம், கொஞ்சம் பாக்கு இருக்கிறது. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கூப்பிட்டால், "ரேஷன்ல அரிசி வருது, மாசம் ஆயிரம் வருது, நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ஆண்களிடம் போகும் காசு டாஸ்மாக்கில் முடிகிறது. என் அப்பா யாரிடமும் கை நீட்டாமல் எங்களை வளர்த்தார். சும்மா வரும் காசு மனுஷனைக் கெடுத்துவிடும் என்பார். இத்தனை கோடியில் மலையில் நல்ல ஆஸ்பத்திரியும் ரோடும் போட்டிருந்தால் தலைமுறைக்கும் நிற்குமே? உங்களைப் போன்றவர்கள் இதையல்லவா எழுத வேண்டும்?

இப்படிக்கு,
ஆத்தூர் வாசகர் ஒருவர்

*

அன்புள்ள தம்பிக்கு,

ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். என் அண்ணன் வாழப்பாடிப் பக்கம் விவசாயம் செய்கிறார். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் அவர் பேசுவதும் நீங்கள் எழுதியிருப்பதும் அச்சு அசல் ஒன்றுதான். இந்தப் பதிலில் பாதியை அவரிடம் சாப்பாட்டு வேளையில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

மாதம் ஆயிரம் என்றால் நாளுக்கு 33 ரூபாய். உங்கள் காட்டில் களை வெட்டும் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி இருக்குமா? மூன்று நாள் கூலி வருகிறது என்பதற்காக மாதத்தின் மற்ற நாளெல்லாம் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை காலேஜ் போக வேண்டும். ஆட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், சேலத்தில் கட்டட வேலைக்குப் போனார்கள், கேரளத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். இந்த ஆயிரம் வருவதற்குப் பல வருஷம் முன்பே போகத் தொடங்கிவிட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் இப்போது கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். வீட்டில் அரிசியும் கையில் கொஞ்சம் காசும் இருப்பவளுக்குத்தான் "அந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல வாய் வரும். உங்களிடம் முகத்துக்கு நேரே அந்தப் பெண் கேட்டதன் உள்ளே இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அது உங்களுக்கும் என் அண்ணனுக்கும் நஷ்டம். ஆனாலும் அதைச் சோம்பல் என்று எழுத என் கை ஓடாது.

கை நீட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கியில் விழுகிறது. மோட்டாருக்கு இலவச மின்சாரம் வேறு. என் அண்ணன் இரண்டையும் வாங்குகிறார். அந்த இரண்டாயிரம் வந்ததும் வேலையை விட்டுவிடவில்லை, உரக்கடைப் பாக்கியைக் கட்டினார். பட்டா உள்ளவர் கையில் போனால் உரமாகிற காசு, பட்டா இல்லாதவள் கையில் போனால் மட்டும் சோம்பலாகிவிடுமா? அவரிடமும் இதைத்தான் கேட்டேன். பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான் மலையில் பார்த்த ஒன்றை விவரமாகச் சொல்லவேண்டும். போன கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அது தப்பு.

வாழவந்திப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும், வேண்டாம். அங்கே ஒரு மலையாளிக் குடும்பம். கேரளத்துக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை அதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கினார்கள் என்று சொன்னேன். "எங்க ஊரு" என்றார் அந்த அம்மா, சட்டென்று. இன்றுவரை பார்த்திராத ஊர்.

அவர்களுக்கு அரை ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, கொஞ்சம் காப்பிச் செடி, வாசலில் ஒரு பலா. நவம்பரிலிருந்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை இருக்கும். அது முடிந்தால் சொந்த மிளகு. மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் கை காய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து வியாபாரி மேலே வருவார். கொடியில் அப்போதுதான் சரம் விட்டிருக்கும். மூவாயிரமோ நாலாயிரமோ கையில் கொடுத்துவிட்டு, மொத்தக் கொடியையும் விலை பேசிவிட்டுப் போவார். அறுப்புக் காலத்தில் அவரே ஆள் விட்டுப் பச்சையாகப் பறித்துக்கொள்வார். தன் கொடியில் தான் கூலிக்குப் பறித்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். இது ஒரு வருஷம் இரண்டு வருஷக் கதை இல்லை, மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான்.

2024 மழைக்காலத்தில் வியாபாரி வந்தபோது, "இந்தத் தடவ வேணாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த மார்ச்சில் நான் போனபோது வாசல் முழுக்க நீலத் தார்ப்பாய். பச்சை மிளகைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கியெடுத்துப் பரப்பியிருந்தார்கள். அப்படிச் செய்தால் கருப்பு சீராக ஏறும். மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ கருமிளகு தேறும். ஒரு பிடி அள்ளித் தார்ப்பாய் மேலேயே விட்டுக் காட்டினார். காய்ந்த மிளகு விழும்போது சின்னதாகக் கலகலவென்று ஒரு சத்தம் வரும். "இந்தச் சத்தம் வந்தாத்தான் மூட்ட கட்டணும்கா. என் கொடியில இவ்வளவு காய்க்கும்னே எனக்குத் தெரியாது." கீழே சேலம் லீ பஜாருக்கு மகன் கொண்டுபோய்ப் போட்டான். வியாபாரி கொடுத்துக்கொண்டிருந்த முன்பணத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் வந்தது.

மாதம் ஆயிரத்தை வைத்து மழைக்காலத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கணக்கு இடித்தது. அவர் சொன்னார்: "பதினஞ்சாம் தேதி எனக்குப் பணம் விழும்னு கடக்காரருக்குத் தெரியும்ல? அது வரைக்கும் சாமான் குடுத்தாரு. முன்ன கேட்டா, எப்ப தருவேன்னு கேப்பாரு. எனக்கே தெரியாது, நான் என்னன்னு சொல்றது?"

தம்பி, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஏழை வீட்டில் பணம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும் என்று தெரியாத பணம் அது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை. பத்து வட்டிக்கு வாங்குவதும், கொடியோடு விற்பதும், ஆட்டைக் குட்டியிலேயே கொடுத்துவிடுவதும் அந்த இருட்டில் நடப்பவை. தேதி தெரிந்து வரும் ஆயிரம், தேதி தெரியாமல் வரும் மூவாயிரத்தைத் திருப்பி அனுப்பியது. நான் அந்த வாசலில் நின்று பார்த்தேன்.

நான் பார்த்தது ஒரு வீடு என்று நீங்கள் சொல்லலாம். ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2011-12இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் சேர்ந்து கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 ரூபாய் என்று நிபந்தனை இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 300, 150 என்று கூட்டினார்கள். கொடுத்த ஊர்களில் சாப்பாடு மேம்பட்டது, ஆடு மாடு பெருகியது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு பணத் திட்டங்களை எடுத்துப் பார்த்து, பணம் வந்ததால் ஆட்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதாகத் தடயம் இல்லை என்று 2017இல் எழுதினார்கள். குடியைப் பற்றியும் அப்போது உலக வங்கியில் இருந்த டேவிட் எவான்ஸ் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். உதவிப் பணத்தால் குடியும் புகையும் கூடவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த விடை. குடிக்கிற கணவன் தன் கூலியில்தான் குடிக்கிறான். அது வேறு நோய், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பெண் பெயரிலுள்ள கணக்கில் விழும் ஆயிரத்தைப் பிடுங்குகிற கணவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இப்போது அவன் பிடுங்க வேண்டியிருக்கிறது. பிடுங்கினால் ஊர் பார்க்கிறது.

ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே என்ற கேள்வியில் உங்கள் அக்கறை தெரிகிறது. அதற்குக் கென்யாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. சியாயா என்ற மாவட்டத்தில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏறக்குறையப் பாதி ஊர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஆயிரம் டாலர் வீதம் ஒரு தொண்டு நிறுவனம் செல்போன் வழியாகவே கொடுத்தது. பணம் பெறாத பக்கத்து வீட்டுக்காரர்களின் செலவும் கூடியது. விலைவாசி ஏறியது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குதான். பிறகு அதே ஊர்களில் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். 2025இல் அது வெளிவந்தது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் தாய்மார்கள் வேலை செய்த நேரமும் கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தது. அதாவது, நிறைமாதத்தில் பாரம் சுமக்காமல் உட்கார்ந்தார்கள். அந்த 'சோம்பலில்' பிள்ளைகள் பிழைத்தன. இன்னொன்றையும் கவனியுங்கள்: மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த ஊர்களில்தான் இது அதிகம் நடந்தது.

நம் ஊர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இதே வேலையைச் செய்ய வந்ததுதான். நம் பெண்கள் நிறைமாதத்தில் காப்பிக் கூடையோடு சரிவில் இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வேண்டும், அங்கே ராத்திரியிலும் டாக்டர் இருக்க வேண்டும், அதற்கு ரோடு வேண்டும். எல்லாவற்றுக்கும் நீங்கள் மனு போட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அங்கே போய்ச் சேர ஜீப்புக்குக் கொடுக்கப் பணமும், அன்றைய கூலியை விடத் தைரியமும் வேண்டுமே. இதை எடுத்து அதில் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உரிமைத் தொகைத் திட்டத்தில் எனக்கும் குறைகள் உண்டு, கோபமும் உண்டு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்தான். மலையில் மாமியார், இரண்டு மருமகள் என்று ஒரே கார்டில் இருக்கும் வீடுகள் நிறைய. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆயிரம். முதல் மாதமே ஒரு வங்கி, குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று அந்த ஆயிரத்தில் கை வைத்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒரு பாட்டி என்னிடம் வந்து, "நான் யாருகிட்டயும் கடன் வாங்கலயே கண்ணு" என்று நின்றார். அவருக்கு அதை விளங்க வைக்க எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் பழம் பறித்துத் தேய்ந்துபோன விரலைப் பணம் எடுக்கும் கைரேகை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. தலைமுடியில் விரலைத் தேய்த்து, சேலையில் துடைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். நாலாவது தடவையும் விழவில்லை என்றால் பஸ் செலவு செய்து வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். நீங்கள் சண்டை போட விரும்பினால் இங்கே வாருங்கள், சேர்ந்து போடலாம். விலைவாசி ஏற ஏற இந்த ஆயிரம் தேய்கிறதே, அதற்கும்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் அப்படித்தான், கை நீட்டாதவர். ஆனால் மழை தப்பிய ஒரு வருஷம் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு மாதம் ஒரு தேதியில் ஏதாவது வந்துகொண்டிருந்தால் அம்மா அதைக் கழற்றியிருக்க மாட்டார்.

வாழவந்தி அம்மா இந்த வருஷம் இன்னொரு தார்ப்பாய் கேட்டிருக்கிறார், கனமானதாக. பக்கத்து வீட்டுக்காரியும் கொடியை விற்கவில்லையாம், காயவைக்க இடம் போதாது என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிக்கொண்டு மேலே போகிறேன். நேரமிருந்தால் சேலத்துக்கு வாருங்கள், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சேர்ந்தே போகலாம்.

அன்புடன்.