விளக்கேற்றுவதற்கு முன்பா, பின்பா?

கேள்வி: ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் நாடகக் குழு நகரசபை அரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறது. பத்திரத்தோடு அரங்கின் விழுமியங்கள் என்று ஒரு தாளும், பூர்வகுடிகளின் நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் வாசகமும் தந்தார்கள். அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டுமா? தமிழில் சொல்லலாமா? எங்கள் பிள்ளைகள் இறகுத் தொப்பி போட்டு ஆடும் 'செவ்விந்தியர்' நடனமும் இருக்கிறது. அது பிரச்சினை ஆகுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். இறகுத் தொப்பியை எடுத்துவிடுங்கள். சமவெளிப் பூர்வகுடிகளிடம் அது ஒருவருடைய செயலுக்கு அவருடைய மக்கள் கொடுக்கும் மரியாதை. கழுகிறகு ஒவ்வொன்றும் உழைத்துப் பெற்றது. ரொறொன்ரோ மண்ணின் மக்கள் அணிவதும் அதுவல்ல. 'செவ்விந்தியர்' என்ற சொல்லும் வேண்டாம். பூர்வகுடிகள் என்று சொல்லுங்கள், அந்தந்த மக்களின் பெயரைச் சொன்னால் இன்னும் நல்லது.

ஒரு நாடக அரங்கு ஏன் இதில் இவ்வளவு கவனமாக இருக்கிறது? மேற்குக் கரைப் பூர்வகுடிகள் ஊர் கூடி முகமூடி அணிந்து ஆடி, வந்தவர்களுக்கெல்லாம் பொருள் வாரி வழங்கும் விழாவுக்குப் பொட்லாச் என்று பெயர். 1885 முதல் 1951 வரை கனடாவில் அது சட்டப்படி குற்றம். 1921இல் அலர்ட் பே அருகே நடந்த ஒரு பொட்லாச்சுக்காக, ஆடியவர்கள் மேலும் பேசியவர்கள் மேலும் பரிசு கொடுத்தவர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். சிறையிலிருந்து தப்ப முகமூடிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. இதை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை வைத்தது. பூர்வகுடிக் கலைஞர்களும் மற்றவர்களும் சேர்ந்து படைக்க நிதி ஒதுக்கவேண்டும் என்பது 83ஆவது. ஆட்டமே குற்றமாக இருந்த நாட்டில் ஒரு மேடை இதைப் பேசாமல் இருக்க முடியாது.

கட்டாயமா என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். சில இடங்களில் அரங்கே பதிவுசெய்து ஒலிக்கவிடுவதும் உண்டு. அப்படி இருந்தாலும் உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள், அதுவும் தமிழில். இப்படித் தொடங்கலாம்: "இன்று நாம் நாடகம் போடும் இந்த மண்ணில் அனிஷினாபே, மிசிசாகா, சிப்பெவா, ஹோடினோஷோனி, வென்டாட் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். இன்றும் பல பூர்வகுடி மக்களுக்கு இது வீடு." அடுத்து அந்த நிலத்துக்கான ஒப்பந்தத்தின் பெயர் வரட்டும். நகர மையப் பகுதியை 1805இல் பிரித்தானிய முடியரசு மிசிசாகா மக்களிடம் வெறும் 10 ஷில்லிங்குக்கு எழுதி வாங்கியது. அதற்கு 2010இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீடு கிடைத்தது. ஸ்காபரோ 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. அரங்கு தந்த வாசகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைத் தடக்காமல் சொல்லவேண்டும். ஒருமுறை பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி திரைக்குப் பின்னால் தாளை மடித்தும் விரித்தும் "ஹோ-டி-நோ-ஷோ-னி" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். மேடையில் பிசகாமல் சொன்னாள். முன்வரிசை அம்மம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "ஆர் பிள்ளை அவை?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. ஆங்கிலத்தில் வாசித்திருந்தால் அவர் கேட்டிருக்கமாட்டார்.

நிலம் இழந்த கதை நமக்கும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தில் அதைக் கலக்காதீர்கள். அகவணக்கத்துக்கு நேரம் தனியாக இருக்கிறது.

எப்போது சொல்வது? விளக்கேற்றுவதற்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் முன்னால். வீட்டுக்காரரை விசாரித்துவிட்டுத்தானே உள்ளே போய் உட்காருவோம்.

நடனம் இருந்த இடத்தை என்ன செய்வது என்று யோசித்தால், பூர்வகுடிக் கலைஞர் ஒருவரை அழைத்து அவருக்குப் பிடித்ததைச் செய்யச் சொல்லுங்கள். மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைப் பேசிக் கொடுங்கள். ரொறொன்ரோவில் 1982 முதல் இயங்கும் நேற்றிவ் எர்த் என்ற பூர்வகுடி நாடகக் குழுவின் நாடகம் ஒன்றை உங்கள் நடிகர்களோடு போய்ப் பார்த்தால் யாரை அழைப்பது என்பதற்கும் வழி பிறக்கும். மூத்தவர் ஒருவர் வருவதானால் போக்குவரத்தும் அன்பளிப்பும் உங்கள் பொறுப்பு, புகையிலை கொடுத்து அழைக்கும் வழக்கம் அவரிடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர் மூலிகைப் புகை போடுவதாக இருந்தால், குத்துவிளக்குக்கு அனுமதி கேட்கும் அதே மின்னஞ்சலில் அதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நாடகத்தின் நடுவே தீ எச்சரிக்கை மணி அடிக்கும்.