சர்க்கரை சேர்க்காத மூட்டை

கேள்வி: என் குதிரைக்கு இன்சுலின் கோளாறு. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருந்த தீவனத்தை நம்பி வாங்கினேன். மூன்றாவது வாரம் முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றுவிட்டது. தப்பு என்னுடையதா?

பதில்: இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். காலை ஊன்ற முடியாமல் நிற்பது குளம்பு அழற்சியாக இருக்கலாம். அது அவசர நோய். மருத்துவர் இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

வெல்லப்பாகு ஊற்றவில்லை என்பதைத் தவிர அந்த வாசகத்துக்கு வேறு பொருள் கிடையாது. தானியத்தில் உள்ள மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. அது குடலில் குளுக்கோஸாகி இன்சுலினை ஏற்றும். ஏறிய இன்சுலின் குளம்பைக் கெடுக்கும். இப்படிப்பட்ட குதிரைக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்தே ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். மூட்டையில் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் அச்சடிக்கிறார்கள். நமக்கு வேண்டிய அந்த இரண்டு எண்கள்தான் பெரும்பாலும் இருக்காது. இந்த மௌனம் எனக்குத் தீராத கோபம்.

ஏனென்றால் நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் விடிகாலை லாயத்துக்குப் போனால், வயதான என் பெண் குதிரை முன்னங்கால்களை நீட்டிப் பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறாள். குளம்பில் கை வைத்தேன், சுட்டது. அப்புறம்தான் தையலோரம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். முதல் பொருளே மக்காச்சோளம்.

மூட்டை, ரசீது, தயாரிப்புத் தொகுதி எண் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் தீவனத்தையும் எடுத்து வையுங்கள். சர்க்கரை எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுக்கிறவர்களிடம் இனி வாங்க வேண்டாம்.

கேள்வி: லவங்கப்பட்டை, குரோமியம் கலந்த பொடி இன்சுலினைக் குறைக்குமாமே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நம்பும்படியான சான்று இல்லை.

கேள்வி: மட்டக்குதிரை ரொம்பக் குண்டாகிவிட்டது. நண்பர் சொன்னார் என்று இரண்டு நாளாகப் பட்டினி போட்டிருக்கிறேன். எடை குறைக்கும் தீவனம் எது நல்லது?

பதில்: இதைப் படித்ததும் போய் உலர்புல் போடுங்கள், மருத்துவரையும் கூப்பிடுங்கள். குண்டான மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிரே போகலாம். பட்டினி போடுவதற்கு முன் கேட்க வேண்டியதைப் பட்டினி போட்ட பிறகு கேட்கிறீர்கள்! எடை குறைய வேண்டிய குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. 200 கிலோ என்றால் 3 கிலோ. உலர்புல்லில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் 3.3 கிலோ நிறுத்துப் போடலாம். ‘ஒரு கை அள்ளு’ என்பது அளவே அல்ல. நீங்கள் வாங்க வேண்டியது ஒரு தொங்கு தராசு.

கேள்வி: நான் வாங்கும் உலர்புல் பழுப்பாக, சத்தே இல்லாதது போல இருக்கிறது. அதற்கும் சர்க்கரைப் பரிசோதனை எதற்கு?

பதில்: நிறத்தைப் பார்த்துச் சர்க்கரையைச் சொல்ல முடியாது. பல கட்டுகளின் நடுவிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும் வரை குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். எவ்வளவு சர்க்கரை கரையும் என்பது புல்லுக்குப் புல் மாறும். தாதுக்களும் கொஞ்சம் போய்விடும்; அதை ஈடுகட்டத் தாதுக் கலவை வேண்டும்.

கேள்வி: 22 வயதுக் குதிரை. குஷிங் நோய். எலும்பு தெரிய மெலிகிறது. கடைக்காரர் எடை குறைக்கும் தீவனத்தை விற்றுவிட்டார்.

பதில்: பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். குஷிங் என்பது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறு. அதற்கு மருந்து பெர்கோலைடு. எந்த மூட்டையும் அதற்கு ஈடாகாது. பல்லையும் இன்சுலினையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இன்சுலின் ஏறியிருந்தால், வெல்லப்பாகு சேராத சர்க்கரை பீட் கிழங்குச் சக்கையை (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சுவது) ஊறவைத்து, தாவர எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். சர்க்கரை ஏறாமல் உடம்பு தேறும்.

கேள்வி: இன்சுலின் கோளாறுள்ள குதிரையை மாலையில் மேய விடலாமா?

பதில்: வெயில் காய்ந்த நாளின் மாலையில்தான் புல்லில் சர்க்கரை அதிகம். விடியற்காலை தேவலை, இரவு உறைபனி விழுந்திருந்தால் அதுவும் வேண்டாம். குளம்பு வலி இருக்கும்வரை மேய்ச்சலே கிடையாது.